வாடகை, அட்வான்ஸ் பற்றிய சட்டங்களால் லாபம் வீட்டுக்காரருக்கா, குடியிருப்பவருக்கா?

சட்டம் எந்தத் தொகையை அமுக்குகிறதோ அது வேறொரு பெயரில் கிளம்பி வரும், பெரும்பாலும் அதைக் கொடுப்பவர் குடியிருப்பவர்தான். என் அனுபவத்தில் இதுதான் பதில். நான் இரண்டு பக்கமும் இருக்கிறேன். பொள்ளாச்சியில் அப்பா கட்டிய லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். நான் தையல் கடை வைத்திருப்பதோ பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில், வாடகைக் கட்டடத்தில். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பேச்சு அதே தமிழ்தான், ஆனால் வாடகைச் சட்டம் வேறு.

முதலில் தமிழ்நாடு. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள், ஆனால் அதே வரியின் தொடக்கத்தில் 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்ற பொருளில் ஒரு வாசகம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. அந்த வாசகம் இருக்கும்வரை பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், அவசரமாக வீடு தேடுகிறவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். மூன்று மாதம் என்று கறாராக நிற்கிற வீட்டுக்காரர்கள் இல்லாமல் இல்லை. அவர்களிலும் சிலர் மெயின்டனன்ஸ், தண்ணீர், மோட்டார் கரண்ட் என்று மாதாமாதம் தனியாக ஒரு தொகை சேர்த்துவிடுகிறார்கள்.

கரண்ட் விஷயம் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டரை வைத்துவிட்டு, உள்ளே சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வசூலித்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்குப் போய்ச் சேர வழியே இல்லை. வாடகை குறைவு என்று நினைத்து வருகிறவர் மின்கட்டணத்தில் அதைக் கொடுத்துவிடுகிறார். எங்கள் லைன் வீடுகளுக்குத் தனித்தனி இணைப்பு வாங்கியதற்குக் காரணமே இதுதான், அம்மா இதில் பிடிவாதமாக இருந்தார்.

அப்புறம் பெயின்ட். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவுக்கு என்று அட்வான்ஸில் பிடிப்பது நம் ஊர் வழக்கம். புதுச் சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். அதனால் புரோக்கர் நீட்டுகிற அச்சடித்த தாளில் பெயின்ட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் சொல்லியாக வேண்டும். வாங்கின அட்வான்ஸ் பெட்டியில் அப்படியே இருப்பதில்லை, பாத்ரூம் கட்டவோ கடன் அடைக்கவோ போயிருக்கும். அடுத்துக் குடிவருபவர் கொடுப்பதை வைத்துத்தான் போகிறவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம், இரண்டு சின்ன வீடுகளை நம்பி வாழ்கிற ஒரு வயதான அம்மாவுக்கு அது நிஜமான நெருக்கடி. அதே நேரம், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் காலி செய்ய வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் போடாததே ஒரு காரணமாகிவிடும். இது பழைய சட்டத்தைவிட வீட்டுக்காரருக்குச் சாதகம்தான். ஆனால் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாவிட்டால் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது, இருந்தும் பதினோரு மாதப் பத்திரம் எழுதி பீரோவில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பவர்களே எங்கள் தெருவில் அதிகம்.

சரி, கேரளா. அங்கே 1965ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தத் தேவைக்குக் கட்டடம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டாலும், என்னைப் போன்ற கடைக்காரரின் பிழைப்பு பெரும்பாலும் அந்தக் கடை வருமானம்தான், பக்கத்தில் பொருத்தமான வேறு இடமும் இல்லை என்றால் காலி செய்யச் சொல்லி உத்தரவு போட முடியாது. இந்தப் பாதுகாப்பு எனக்குப் பெரியது, நான் மனதார மதிக்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள்: ஒருமுறை உள்ளே விட்டால் வெளியே எடுக்க முடியாது என்ற பயத்தில் உரிமையாளர்கள் சாவி கொடுக்கும்போதே பெரிய தொகை கேட்கிறார்கள், கடையைப் பூட்டிப் போட்டிருப்பவர்களும் உண்டு. ஏற்கனவே உள்ளே இருப்பவனுக்குச் சட்டம் அரண், புதிதாகக் கடை போட வருகிற இளைஞனுக்கு அதே சட்டம் மதில்.

அதனால் வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கப்போகிற காலம் முழுக்க ஆகும் வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட், அட்வான்ஸில் திரும்பி வராத பெயின்ட் பிடித்தம், புரோக்கர் கமிஷன், எல்லாவற்றையும் கூட்டி எத்தனை மாதம் இருப்பீர்களோ அதால் வகுத்துப் பாருங்கள், அதுதான் உண்மையான மாத வாடகை. குடிவந்த அன்றே சுவர், ஸ்விட்ச், குழாய் எல்லாம் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக, எந்த மாத வாடகை என்று குறித்து அனுப்புங்கள். கேரளத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உரிமையாளரோடு என்ன சண்டை வந்தாலும் வாடகையை நிறுத்தாதீர்கள், நீங்களே ஒப்புக்கொள்கிற பாக்கியைக் கட்டாமல் காலி செய்யச் சொல்லும் வழக்கை எதிர்த்து நிற்க அந்தச் சட்டம் விடாது.