வாசகர் கேள்வி – பதில்: இடம் கொடுத்தவர் பெயரும் இடம் மறுக்கப்பட்டவர் பிள்ளைகளும்

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளி, அதற்கு இடம் கொடுத்த சங்கு வியாபாரி ஒருவரின் பெயரைச் சாதிப் பட்டத்தோடு தாங்கி நிற்கிறது. குடியரசு வந்த பிறகு தொடங்கிய பள்ளி அது. அவரிடம் முன்பணம் வாங்கிய எங்கள் தெருச் சங்குக் குளியாட்கள் கடனை அடைக்க வழியின்றி வத்தைகளை (படகுகளை) இழந்ததையும், எங்கள் தெருப் பிள்ளைகளைத் தனிக் கொட்டகையில் உட்கார வைத்ததையும் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பெயரை நீக்கக் கோரி இளைஞர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கொடையாளரின் உறவுமுறையார் எங்களை நன்றி மறந்தவர்கள் என்கிறார்கள். அப்துல் கலாம் பெயரை வைத்துப் பிரச்சினையை முடிக்கலாம் என்கிறார்கள் சிலர். தங்கள் சமூகத் தலைவர் பெயரை வைக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தாயாக இருக்கும் நான் என்ன சொல்வது?
– ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தில் இருந்த பெயர்களையும் ஊரையும் நீக்கியே அச்சிட்டிருக்கிறோம், அவை வெளிவந்தால், எழுதியவர் எந்தத் தெரு என்ற கணக்குத்தான் முதலில் தொடங்கும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் எழுதியிருப்பது ஆவணங்களால் உறுதிப்படுமானால் அந்தப் பெயர் பலகையிலிருந்து இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் வேறு எந்த மனிதரின் பெயரும் ஏறக் கூடாது.

நன்றி என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஊரில் அதிகம் எடுபடப்போவது அதுதான். ஒருவர் தம் நிலத்தைப் பள்ளிக்குக் கொடுத்தார் என்பது உண்மை. அந்த உண்மையை மறைப்பது தவறு. ஆனால் முன்பணம் வாங்கியவன் எடுத்த சங்கை அந்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் சேர்ந்த பணம் யாருடைய மூச்சைப் பிடித்துச் சேர்ந்தது என்பதை, கடலுக்கடியில் மூச்சடக்கிய குடும்பங்கள் கேட்கத்தானே செய்யும்? நிலத்தின் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தது. அந்த நிலத்தை வாங்கிய காசில் பலருடைய உழைப்பு இருந்தது. கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவைக் கொண்டாடுவதற்கு எவரும் குறுக்கே நிற்கப்போவதில்லை. கடன்பட்டவரின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் நோட்டின் அட்டையில் அந்தப் பெயரை எழுதிக் கொண்டாட வேண்டும் என்று கேட்பதுதான் நன்றியின் எல்லையைத் தாண்டுகிறது.

தனிக் கொட்டகைக்கு, 'அந்தக் காலத்து வழக்கம் அது' என்ற சமாதானம் கட்டாயம் வரும். பள்ளி குடியரசு வந்த பிறகு தொடங்கியது என்று தாங்கள் எழுதியிருப்பது இங்கே மிகவும் முக்கியம். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே பிள்ளைகளைப் பிறப்பின் பெயரால் பிரித்து உட்கார வைத்திருந்தால், அது இன்றைய அளவுகோலை அன்றைய மனிதர்மேல் சுமத்துவது ஆகாது. அன்றைய சட்டத்தின்படியே தவறு.

இருந்தாலும், பெரியவர்கள் சொல்லக் கேட்டது என்பதோடு கூட்டத்துக்குப் போகாதீர்கள். நிலக்கொடைப் பத்திரம் பதிவு செய்யப்பட்டே இருக்க வேண்டும். அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் சான்றிட்ட நகல் பெறலாம், கொடையாளர் குடும்பத்தின் அனுமதி தேவையில்லை. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டையும், ஆய்வுக்கு வந்த அதிகாரிகளின் குறிப்புகள் இருந்தால் அவற்றையும் தலைமையாசிரியர் முன்னிலையில் பார்க்கக் கேளுங்கள். உங்கள் தெருப் பிள்ளைகள் எந்த ஆண்டில் முதன்முதலாகச் சேர்ந்தார்கள், எத்தனையாம் வகுப்போடு நின்றார்கள் என்பதைப் பதிவேடு சொல்லிவிடும். தனிக் கொட்டகையில் படித்தவர்களில் உயிரோடு இருப்போரின் வாக்குமூலத்தைத் தேதியிட்டு, கையெழுத்தோ கைரேகையோ பெற்று எழுதி வையுங்கள். ஒருவேளை கொட்டகையை அமைத்தது அவரல்ல, அன்றைய ஆசிரியரோ ஊர்க் கமிட்டியோ என்று தெரியவந்தால், அதையும் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இனி மாற்றுப் பெயர்களுக்கு வருகிறேன். கலாம் பெயரை இந்தக் கடற்கரையில் எவரும் எதிர்க்கமாட்டார்கள். அதனால்தான் அது வசதியாக இருக்கிறது, அதனால்தான் எனக்குத் தயக்கமாகவும் இருக்கிறது. இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பி அணிந்த முஸ்லிம் சிறுவன் அர்ச்சகரின் மகனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று தம்மைப் பின்வரிசைக்கு அனுப்பியதையும், அந்த அர்ச்சகரே ஆசிரியரை அழைத்துக் கண்டித்ததையும் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையின் பெயரைக் கொண்டு, தனிக் கொட்டகைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதையை மூடுவது அவருக்கே பொருந்தாத மரியாதை. அன்று அந்த அர்ச்சகர் செய்தது போல நடந்ததைப் பெயர் சொல்லித் தவறு என்று பேசியாக வேண்டும். பலகை மாற்றம் அதற்குப் பிறகு வரட்டும்.

சமூகத் தலைவர் பெயர் என்ற யோசனைக்கு நம் மாவட்டத்தின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, இன்றைய சிவகங்கை மாவட்டத்துக்கு முத்துராமலிங்கத் தேவர் பெயரும் விருதுநகருக்குக் காமராசர் பெயரும் சூட்டப்பட்டன. 1997-இல், கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சமூகம் ஒன்று தன் தலைவராகப் போற்றுபவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது தென்மாவட்டங்களில் மூண்ட மோதலில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது. பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய பெயருக்கே அவ்வளவு நடந்தது என்றால், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்டடத்தின் பலகையில் அந்தப் போட்டியைத் தொடங்கி வைப்பவர் யாராக இருந்தாலும் பொறுப்பில்லாதவர் என்றே சொல்வேன். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையும் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றே பரிந்துரைத்தது. ஆகவே பட்டம் எப்படியும் போக வேண்டியதுதான். ஆனால் பட்டத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்ற நடுவழியை ஏற்காதீர்கள், ஏனென்றால் உங்கள் தெருவின் குறை பட்டத்தின் மீதானது மட்டும் அன்று.

ஊரின் பெயரோடு 'அரசு உயர்நிலைப் பள்ளி' என்று இருக்கட்டும். பள்ளியின் உள்ளே ஒரு கல்லில், நிலம் கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, எவ்வளவு என்பதையும், எந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை ஆண்டு தனியே உட்கார்ந்தார்கள் என்பதையும் ஆவணத்தில் உள்ளபடி பொறிக்கலாம். கொடையாளர் குடும்பத்தில் நியாயம் உணர்ந்தவர்கள் இதற்கு இசையக்கூடும். கூட்டத்துக்கு முன்பே அவர்களைச் சந்தித்துப் பேசுவது நல்லது.

நடைமுறையைப் பற்றி ஒன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பெயரை மாற்றும் அதிகாரத்தை அந்தச் சட்டம் குழுவுக்குத் தரவில்லை, அரசுதான் ஆணையிட வேண்டும். என்றாலும் குழுவின் தீர்மானத்தை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். தலைக்கட்டு வரி கட்டும் ஆண்கள் மட்டும் பேசும் ஊர்க் கூட்டத்தில் இதை முடிக்க விடாதீர்கள். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும், கடற்பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்கும், பேச உரிமை உண்டு.

கேள்வி: பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் ஒருவரின் வழிவந்தவன் நான். பெயரை நீக்கினால் நிலத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– மண்டபம் பக்கத்து வாசகர்

பதில்: பொதுவாக முடியாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தைக் கொடுத்தவரே மனம் மாறித் திரும்பப் பெற இயலாது. அவருடைய விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வு நேர்ந்தால் தானம் நீங்கும் என்று இரு தரப்பும் முன்பே உடன்பட்டிருந்தால் விலக்கு உண்டு. உங்கள் குடும்பப் பத்திரத்தில் பெயரைக் குறித்து வாசகம் ஏதேனும் இருந்தால், அதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். வாசகம் எதுவும் இல்லையென்றால், நிலத்தைத் திரும்பக் கேட்போம் என்று ஊரில் சொல்லித் திரிவது தாத்தாவின் கொடையை நீங்களே சிறுமைப்படுத்துவதாகும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு ஆசிரியை நான். பிள்ளைகள் பள்ளிப் பெயர்ச் சண்டையைப் பற்றி வகுப்பில் கேட்கிறார்கள். பேசலாமா, தவிர்க்கலாமா?
– பெயர் வேண்டாம், தேவிபட்டினம் வட்டாரம்

பதில்: தவிர்த்தால் அவர்கள் தெருவில் கேட்பதே பாடமாகிவிடும். ஆனால் கையெழுத்து வேட்டைக்கோ ஊர்வலத்துக்கோ எந்தத் தரப்பும் பிள்ளைகளை அழைக்க இடம் கொடுக்காதீர்கள். பத்திரத்தின் நகல் கிடைத்திருந்தால் வகுப்பில் படித்துக் காட்டி, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். யார் பிள்ளை எந்தத் தெரு என்பது அந்த ஒரு மணி நேரத்தில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, உங்கள் வாயிலிருந்தும்.

கேள்வி: பள்ளியின் பெயர் மாறினால் வளைகுடாவில் வேலை பார்க்கும் என் போன்ற பழைய மாணவர்களின் சான்றிதழ்கள் செல்லாமல் போகுமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: போகாது. மதிப்பெண் சான்றிதழ் அது வழங்கப்பட்ட நாளில் பள்ளிக்கு இருந்த பெயரோடே செல்லும். பெயர் மாறுவதால் மட்டும் பள்ளி வேறு பள்ளி ஆகிவிடுவதில்லை. சான்று சரிபார்ப்பின்போது அங்குள்ள நிறுவனம் புதுப் பெயரைக் கண்டு குழம்பக்கூடும். பழைய பெயரில் இயங்கியதும் புதிய பெயரில் இயங்குவதும் ஒரே பள்ளிதான் என்று தலைமையாசிரியரிடம் ஒரு சான்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்ற அரசாணையின் எண்ணும் நாளும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.