மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதாதா, டாக்டர்?

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய் மணிக்கு நாலு வயது, 8 கிலோ எடை. லீவுக்கு வால்பாறையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் காரில் போகிறோம். முன் சீட்டில் என் மடியில்தான் உட்காருவான். கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி சீட்டோடு கட்டலாமா, நான் பிடித்துக்கொண்டாலே போதுமா? மலை ஏறும்போது வாந்தியும் எடுக்கிறான்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: போதாதும்மா. நானும் அப்படி நம்பினவள்தான். சில வருஷம் முன்னால் உடுமலை ரோட்டில் ஆடு ஒன்று குறுக்கே ஓடி வந்தது. வீட்டுக்காரர் சடாரென்று பிரேக் அடித்தார். வண்டி எதிலும் மோதவில்லை. ஆனால் நான் இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்த எங்கள் நாய் டேஷ்போர்டில் போய் மோதியது. என் விரலிடுக்கில் கொஞ்சம் முடிதான் மிஞ்சியது. கீழ்த்தாடை எலும்பு முறிந்து, ஆறு வாரம் எல்லாவற்றையும் கரைத்துத்தான் ஊட்டினேன்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி நின்றால், கட்டாமல் இருக்கிற உடம்புக்கு அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற 8 கிலோவை எந்தக் கை தாங்கும்? ஏர்பேக் விரிந்தாலோ, அதற்கும் உங்களுக்கும் நடுவில் நசுங்குவது மணிதான். அவன் இடம் பின் சீட்டு.

கழுத்துப்பட்டையில் கட்டவே கட்டாதீர்கள். பிரேக் போட்டால் மொத்த இழுப்பும் மூச்சுக்குழாயிலும் கழுத்தெலும்பிலும் இறங்கும். காருக்கென்றே விற்கிற, நெஞ்சை அகலமாகச் சுற்றும் ஹார்னஸ் வாங்குங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு வேண்டாம். ஸ்பிட்ஸுக்கு முடி அடர்த்தி; மேலாகப் பார்த்தால் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். முடியை விலக்கி, தோலோடு விரலை வைத்துப் பாருங்கள். ஹார்னஸின் முதுகுப் பக்க வளையத்துக்குள் சீட் பெல்ட்டை நுழைத்துப் பூட்டுங்கள். உட்கார, படுக்க இடம் இருந்தால் போதும். முன் சீட்டை எட்டக்கூடாது. கிளம்புகிற அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போட்டால் கடித்துப் பிய்ப்பான். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்குங்கள்.

வாந்தி விஷயம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே! கிளம்ப மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். காற்றுக்கு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் போதும், தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். வாந்தியை நிறுத்த நாய்களுக்கென்றே மாத்திரை உண்டு. எடை பார்த்து உங்கள் டாக்டர் தரட்டும். நமக்கு வாங்கி வைத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது கதவைத் திறந்ததும் ரோட்டில் குதித்து அடிபட்ட நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். முதலில் சங்கிலியை ஹார்னஸில் மாட்டிக் கையில் பிடியுங்கள், பிறகு பெல்ட்டைக் கழற்றுங்கள், கடைசியில் கதவு.