பதில்: நிலக்கடலைத் தயிர் நீராகப் பிரிந்துபோவது பற்றி

வணக்கம். பாலை விட்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன என்றும், மிளகாய்க் காம்பு போட்டு இரவு முழுவதும் உறைய வைத்த நிலக்கடலைத் தயிர் மூன்று முறையும் நீராகப் பிரிந்து காரவாடையுடன் புளித்துப்போனது என்றும் எழுதியிருந்தீர்கள். முயற்சியைக் கைவிட வேண்டாம், குறை சிறியதுதான்.

ஒரு பங்கு கடலைக்கு நீங்கள் சேர்த்த ஆறு பங்கு நீர் மிகவும் அதிகம். எட்டு மணி நேரம் ஊறிய கடலையைத் தோல் நீக்கி, மூன்று பங்கு நீரில் மையாக அரைத்து, துணியில் வடிகட்டி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சினால், கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாகப் பால் ஒட்டும். அந்தப் பதத்தில் இறக்கி, விரல் பொறுக்கும் இளஞ்சூட்டிற்கு ஆறியபின் உறைகுத்துங்கள்.

காம்பிலும் அதன் பச்சைத் தொப்பியிலும் இயற்கையாக இருக்கும் நுண்ணுயிர்களே பாலை உறைய வைக்கின்றன. ஆதலால் மாடித் தொட்டியில் நீங்கள் வளர்க்கும் செடியின் மிளகாய் மிகவும் ஏற்றது. ஆனால் முதல் தயிரில் காரவாடை இருக்கவே செய்யும். அதை உண்ணாமல், அதிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்துப் புதிய கடலைப்பாலில் கலந்தால், இரண்டாம் தயிர் கெட்டியாக அமையும். சென்னை வெயிலில் ஆறு மணி நேரமே பெரும்பாலும் போதும். உறைந்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: இத்தயிர் பசும்பால் தயிரின் கால்சியத்தையோ பி12 வைட்டமினையோ ஈடுசெய்யாது. கால்சியத்திற்குக் கேழ்வரகும் எள்ளும் உதவும். பி12-க்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.