ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் பட்டம் போய்விடுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிறேன் என்கிறான். பட்டப்படிப்பு கைநழுவிவிடாதா? அதற்குப் பதில் தெரிந்த வயர்மேனிடமே உதவிக்கு அனுப்பலாமே?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கைநழுவாது. 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2ஆம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. பிடிக்காத பாடத்தில் ஏதோ ஒரு டிகிரி வாங்குவதைவிட இது மேல்.

வயர்மேனிடம் கை பழகும், கணக்கு பழகாது. கீசருக்கு 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானாக அணையும், அதாவது டிரிப் ஆகும் சுவிட்ச்) போட்டிருக்கும். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 32 ஆம்பியரை மாட்டிவிடுவார்கள். அப்புறம் ஓவர்லோடு ஆனால் எம்.சி.பி. சும்மா இருக்கும், வயர் இன்சுலேஷன்தான் உருகும். எம்.சி.பி. முனையின் திருகு தளர்ந்திருந்தாலே சூடேறி டிரிப் ஆகும். முதலில் அதைத்தான் முறுக்கிப் பார்க்க வேண்டும், மெயினை அணைத்துவிட்டு.

அரசு ஐ.டி.ஐ. கிடைத்தால் விடாதீர்கள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தனியார் என்றால் மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்.சி.வி.டி.) எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். பட்டறைக்குள்ளும் போய்ப் பாருங்கள். வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவி, மாணவர் கை படாமல் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருந்தால், வேறு இடம் தேடுங்கள்.