16 அங்குல ஆசையும் ஐந்து மாதச் சம்பளமும்

கேள்வி: ஆறு வருடமாக 8 அங்குல விட்டக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் (அடிப்பெட்டிமேல் வைத்துக் கையால் திருப்பும் வகை) தொலைநோக்கி வைத்திருக்கிறேன். இப்போது 16 அங்குலம் வாங்க ஆசை. விலை என் ஐந்து மாதச் சம்பளம். போனஸாக இரண்டு மாதச் சம்பளம் வந்திருக்கிறது. மீதியை வட்டியில்லாத் தவணையில் 24 மாதம் கட்டலாம் என்கிறார்கள். கையிருப்புச் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்கு வரும். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஊருக்குள் வானம் வெளிச்சம்தான். போன வருடம் இருட்டான இடத்துக்கு ஐந்து முறை போனேன். பழைய 12 அங்குலம் ஒன்றும் ஒன்றரை மாதச் சம்பள விலையில் வருகிறது. எது சரி?

பதில்: இந்த ஆசை எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் கொஞ்சம் கறாராகப் பேசப் போகிறேன்.

மீதி மூன்று மாதச் சம்பளத்தை 24 மாதம் கட்டுவது என்றால், மாதாமாதம் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு போகும். வட்டியில்லை என்கிறார்களே, மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் குறைக்கும் தொகைதான் வட்டி. இரண்டு மாதச் செலவுக்கு மட்டும் சேமிப்பு வைத்திருக்கும் ஒருவர் பொழுதுபோக்குக்காகத் தவணை எடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சரி, பணம் இருந்தால் 16 அங்குலம் வாங்கலாமா? ஒளி சேர்ப்பது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உங்கள் 8 அங்குலத்தைவிட 16 அங்குலம் நான்கு மடங்கு ஒளி சேர்க்கும்; ஏறக்குறைய 1.5 மேக்னிட்யூட் (நட்சத்திரப் பிரகாசத்தின் அளவு) கூடுதல் மங்கலானவை வரை கண்ணுக்குக் கிடைக்கும். 12 அங்குலம் என்றால் இரண்டேகால் மடங்கு. ஆனால் பெரிய கண்ணாடி ஊர் வெளிச்சத்தையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். வெளிச்சமான வானத்தில் மங்கலான விண்மீன் மண்டலம் பின்னணியோடு கரைந்துதான் தெரியும். கோள்களைப் பார்க்கும்போதும் பல இரவுகளில் எல்லை போடுவது கண்ணாடியின் விட்டமல்ல, காற்றின் கொந்தளிப்புதான். ஆக, நீங்கள் கொடுக்கும் விலைக்கு முழுப் பலன் அந்த ஐந்து இரவுகளில்தான்.

ஐந்து மாதச் சம்பளத்தை ஐந்து இரவால் வகுத்தால், முதல் வருடம் ஓர் இரவுக்கு ஒரு மாதச் சம்பளம். பத்து வருடம் விடாமல் போனாலும் ஓர் இரவுக்கு மூன்று நாள் சம்பளம். அதுவும் விடாமல் போனால்! பல 16 அங்குல மாடல்களின் எடை 50 கிலோவைத் தாண்டும். மூன்று மாடி, இரவு ஒரு மணி, திரும்ப ஏற்றவும் வேண்டும். குவிய விகிதம் (குவியதூரத்தை விட்டத்தால் வகுத்தது) 4.5 என்றால் குவியதூரம் 1.8 மீட்டர், தலைக்கு நேர்மேலே பார்க்க ஸ்டூல் தேவைப்படலாம். அத்தனை பெரிய கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வேகமான, அதாவது குவிய விகிதம் குறைந்த, கண்ணாடி என்பதால் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். அதற்குக் கோமா கரெக்டர் (அந்த வாலைத் திருத்தும் லென்ஸ்), நல்ல ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), கோலிமேஷன் கருவி (கண்ணாடிகளை நேர்படுத்த) எல்லாம் வேண்டும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேச முடியாது.

நானும் ஒரு காலத்தில் சக்திக்கு மீறிப் பெரிதாக ஒன்று வாங்கினேன். இரண்டு வருடம் அறை மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. வீட்டில் அதன்மேல் துணி காயப்போட்டார்கள்! வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலுக்கே இது நடந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 4000 பவுண்டு கொடுத்து, 1789-இல் 48 அங்குலக் கண்ணாடியுடன் 40 அடித் தொலைநோக்கி முடிந்தது. கையாள முடியாமல் அவர் பெரும்பாலும் பழைய 20 அடிக் கருவிக்கே திரும்பினார்.

என் யோசனை: போனஸ் முழுவதும் சேமிப்புக்குப் போகட்டும், நான்கு மாதச் செலவுக்குப் பாதுகாப்பு ஆகும். அப்புறம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்குங்கள். பதினைந்து மாதத்தில் பழைய 12 அங்குலத்தின் விலை கையில் இருக்கும். இப்போது வருவது கைவிட்டுப் போனால் போகட்டும், இன்னொன்று வரும். அந்தப் பதினைந்து மாதத்தில் 8 அங்குலத்தோடு இருட்டு இடத்துக்கு எட்டுப் பத்து முறை போய்வர முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் 12 அங்குலமும் வேண்டாம்.

பழையது வாங்கப் பயப்பட வேண்டாம். புதிதாக வாங்கியவர் முதல் மதிப்பு இறக்கத்தைத் தாங்கியிருப்பார். கண்ணாடிக்கு வயதாவதில்லை, மேலே இருக்கும் அலுமினியப் பூச்சுக்குத்தான். அதையும் மறுபடி பூசலாம், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள். டார்ச் அடித்துத் தூசியைப் பார்த்து மிரளாதீர்கள், எந்தக் கண்ணாடியும் அப்படித்தான் தெரியும். ஒரு நட்சத்திரத்தை வைத்து, ஐபீஸைக் குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி, வளையங்கள் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பவர் அதைக் கழற்றி எடுத்து வைக்கும்போது ஒரு கை கொடுங்கள். அடிப்பெட்டியைத் தூக்கிய நிமிடமே உங்கள் மூன்று மாடியும் நினைவுக்கு வந்துவிடும்.