முகவரைக் கண்டாலே ஒதுங்குகிறார்களா?

கேள்வி: ஆயுள், மருத்துவக் காப்பீட்டு முகவராகி ஒரு வருடம் ஆகிறது. உறவினர், நண்பர் வட்டம் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டேன். இனி குடியிருக்கும் பகுதியில்தான் ஆள் பிடிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்தேன், விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: 'ஆள் பிடிக்க' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நினைப்பு உங்கள் முகத்தில் தெரிகிறதோ என்னவோ! தப்பாக நினைக்க வேண்டாம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் அலைந்தேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சட்டைப் பை நிறைய விசிட்டிங் கார்டு இருக்கும். திரும்பி வரும்போது பை காலி, ஆனால் ஒரு போன்கூட வராது.

கோப்பையால் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டில் ஒரு சிக்கல் என்றால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றாது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-இல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஒரு தீயணைப்புக் குழு தொடங்கினார். எங்கே தீப்பிடித்தாலும் உறுப்பினர்கள் தோல் வாளியோடு ஓடி வர வேண்டும். வீடுகளுக்கான தீ விபத்துக் காப்பீட்டுச் சங்கத்தை அவரும் மற்றவர்களும் அமைத்தது 1752-இல்தான், அதாவது பதினாறு வருடம் கழித்து. முதலில் உதவி, அப்புறம்தான் காப்பீடு. அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது.

சரி, உங்கள் கையில் இருக்கும் வாளி எது? காகித வேலை. பல வீடுகளில் பாலிசி இருக்கும். எங்கே இருக்கிறது என்று அதை எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவரவர் வைத்திருக்கும் பழைய பாலிசியை, எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், எந்த ஏஜென்ட் போட்டதாக இருந்தாலும், கொண்டு வரச் சொல்லிப் பார்த்துக் கொடுங்கள். நாமினி (பாலிசிதாரர் இறந்தால் பணம் பெறுபவர்) யார், முகவரியும் போன் எண்ணும் மாறியிருக்கின்றனவா, பிரீமியம் போகும் வங்கிக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா, மருத்துவ பாலிசியில் எந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது) முடியவில்லை என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஒருமுறை இப்படிப் பார்த்தபோது, திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசி ஒன்றில் நாமினியாக அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் உடனே பேனா கேட்டார்! நாமினியை மாற்ற ஒரே ஒரு படிவம்தான். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னிடம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் அந்தக் கணவர் சொல்லி, அவருடன் வேலை செய்யும் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள்.

இப்படித் தூரத்துப் பழக்கத்தில் வருகிறவர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மார்க் கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் அந்தத் தகவல் அடிக்கடி சந்திக்கும் ஆளிடமிருந்து வந்திருந்தது. உறவினர் வட்டம் முடிந்துவிட்டதே என்று கவலைப்படுகிற உங்களுக்கு இது நல்ல செய்தி.

பாலிசியைப் பார்க்க உட்கார்ந்த இடத்தில், 'இதை சரண்டர் செய்துவிட்டு (பாதியிலேயே முடித்துவிட்டு) எங்களிடம் எடுங்கள்' என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். ஆரம்ப வருடங்களில் சரண்டர் செய்தால் கட்டிய பணத்தில் கொஞ்சம்தான் திரும்பும், சில சமயம் ஒன்றுமே வராது. வயது கூடியிருப்பதால் புது பாலிசிக்குப் பிரீமியமும் கூடும்.

துக்க வீட்டுக்கு அண்டை வீட்டுக்காரராகப் போங்கள், பை கொண்டு போகாதீர்கள். சில நாள் கழித்து இறப்புச் சான்றிதழைக் கூடுதல் பிரதிகளாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நாமினியின் அடையாளச் சான்று, வங்கி விவரம், பாலிசிப் பத்திரம் மூன்றையும் ஒரே உறையில் போட உதவுங்கள். விபத்து என்றால் போலீஸ் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். படிவம் நிரப்பும்போது பக்கத்தில் இருங்கள். உங்களுக்குக் கமிஷன் இல்லாத பாலிசிக்கும் இதைச் செய்கிறீர்களா என்பதை அந்தத் தெருவே கவனிக்கும்.

அப்புறம், வாயடக்கம். 'அடுத்த வீட்டுக்காரர் இவ்வளவு தொகைக்கு எடுத்திருக்கிறார்' என்று ஒருவரிடம் சொன்னால், நாளை தன் கணக்கையும் இன்னொருவரிடம் சொல்வீர்கள் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். யாருடைய நோயையும் உங்கள் வீட்டில்கூடப் பேசாதீர்கள்.

முதல் பிரீமியத்தில் உங்கள் கமிஷனைத் தள்ளித் தரச் சொல்லி யாராவது கேட்பார்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். சங்கத்தில் பொருளாளர் பதவி தந்தாலும் வேண்டாம் என்பேன்; கணக்குத் தகராறு ஒன்று போதும், சேர்த்த பெயர் போய்விடும். ரத்த தானம் செய்பவர்கள் பட்டியல், அவசர எண்கள் பட்டியல் மாதிரி வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் இதற்கெல்லாம் பலன் தெரிய ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை கைச்செலவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை. இந்த வாரமே சங்கச் செயலாளரிடம், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் பழைய பாலிசிகளைப் பார்த்துத் தருவதாகவும் அங்கே எதையும் விற்கமாட்டேன் என்றும் சொல்லுங்கள். கார்டு கேட்கிறவருக்கு மட்டும் கொடுங்கள்.