2 மில்லிமீற்றர் வண்டுக்கு மோட்டார் றெயில் எதற்கு?

கேள்வி: தேயிலையைத் துளைக்கும் ஷொட்ஹோல் போரர் வண்டை, நுணுக்குக்காட்டியின் நான்கு மடங்கு ஒப்ஜெக்டிவ் (பொருள்வில்லை) பூட்டிய கெமராவால், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி 20 படம் எடுத்து மென்பொருளில் ஒன்றாக்கினேன். முதுகில் தெளிவும் மங்கலும் பட்டை பட்டையாக வருகிறது. கெமராவை நுண்ணிய அளவில் தானாக நகர்த்தும் மோட்டார் றெயில் வாங்கினால்தான் சரிவரும் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா? (விஞ்ஞான ஆசிரியை, ஹட்டன்)

வாங்காதீர்கள் டீச்சர். உங்கள் ஒப்ஜெக்டிவில் 4/0.10 என்று இருக்கும்: 4 உருப்பெருக்கம், 0.10 ஒளி சேர்க்கும் திறனின் அளவு (NA). அதில் ஒரு படத்துக்குத் தெளிவாகக் கிடைப்பது ஏறத்தாழ 0.055 மி.மீ. ஆழம்தான். வண்டின் ஒன்றரை மில்லிமீற்றர் ஆழத்தை 20 படத்தில் முடித்தால் ஒவ்வொரு நகர்வும் 0.075 மி.மீ. இடையில் விடுபட்டதுதான் அந்த மங்கல் பட்டை. எந்த மென்பொருளாலும் அதை நிரப்ப முடியாது. 0.04 மி.மீ. வீதம் நகர்த்தி 40 படம் எடுங்கள்.

அந்த நகர்வுக்குப் பாடசாலை நுணுக்குக்காட்டியே போதும். மேடை ஏறி இறங்கும் வகையென்றால் கிளிப்பில் அடிமட்டத் துண்டொன்றை வெளியே நீட்டிச் செருகி, நுனியில் வண்டை வைத்து, கெமராவை மேலே அசையாமல் நிறுத்துங்கள். நுண்திருகின் சிறு பிரிவு பலவற்றில் 0.002 மி.மீ.; அப்படியானால் படத்துக்கு 20 பிரிவு. உணர்கொம்புக்குச் சற்று முன்னிருந்தே தொடங்கி ஒரே பக்கமாகத் திருகுங்கள். பின்னால் திருப்பினால் பல்சக்கர இடைவெளியில் இரண்டு மூன்று நகர்வு தொலைந்துவிடும். இன்வென்டரியில் இருக்கிறது, தொடாதே என்று பிள்ளைகளுக்கான கருவியை அலுமாரியில் பூட்டிப் பூஞ்சணம் பிடிக்க விடும் வழக்கம் எப்போது ஒழியுமோ! எதையும் கழற்றப் போவதில்லை என்று அதிபருக்கு எழுதிக் கொடுத்து எடுங்கள்.

வியாபாரி இன்னொரு ஒப்ஜெக்டிவைத் தலையில் கட்டப் பார்த்தால் அதன் உடம்பில் உள்ள எழுத்தை வாசியுங்கள். 160 (மி.மீ. குழாய் நீளம்) என்றிருந்தால் கெமராவுக்கும் ஒப்ஜெக்டிவுக்கும் இடையில் குழாய் வைத்து, ஒப்ஜெக்டிவின் தோளிலிருந்து சென்சர் வரை சுமார் 150 மி.மீ. விட்டால் போதும். படுத்த எட்டுப் போன்ற முடிவிலிக் குறி இருந்தால் வெறும் குழாயில் ஒழுங்கான படம் விழாது. முடிவிலிக்குக் குவித்த 200 மி.மீ. கெமரா லென்ஸின் முன்னால் அதைப் பூட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள்தான் அதிகம். 160/0.17 என்பதில் 0.17 மூடிக்கண்ணாடியின் தடிப்பு. வண்டின்மேல் கண்ணாடி இல்லையே என்று பயந்து விலை கூடியதைத் தேடாதீர்கள்: நான்கு மடங்கில் வித்தியாசம் தெரியாது, பத்து மடங்கிலும் பெரிதாகத் தெரியாது, நாற்பது மடங்கில்தான் படம் கெடும்.

கறுத்துப் பளபளக்கும் வண்டு. சுற்றிவர ட்ரேசிங் பேப்பர் வளையம் வைத்து, வெளியிலிருந்து ஃபிளாஷ் அடியுங்கள். பலகைத் தரை அதிர்வும் அதில் அடங்கிவிடும்.

மலைநாட்டு ஈரத்தில் இன்னொன்றும் நடக்கும். பெட்டியிலிருந்து எடுத்த வண்டு, குவியம் பார்க்க வைக்கும் விளக்கின் சூட்டில் காயக் காய, உணர்கொம்பு மெல்ல வளையும். சேர்த்த படத்தில் அது இரட்டையாக விழும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வைத்தெடுங்கள். எடுத்ததும் கிளிக் பண்ணாமல், அதே விளக்கின் கீழ் கால் மணித்தியாலம் விட்டுவிட்டு முதல் படத்தை எடுங்கள்.